முதல் நாவல் தந்த முன்சீப்

தமிழில் கதைகளுக்கு என்றும் குறைவு இருந்ததில்லை. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் கதைகளே. அம்மானையும் வில்லுப்பாட்டும் தெருக்கூத்தும் கதைகளே. ஆயினும் அவை பெரும்பாலும் பாட்டாகவே நடந்தன. புலவர் உரை சொன்னால்தான் காப்பியம் விளங்கும். கூத்தர் ஆடிக் காட்டினால்தான் கூத்து விளங்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு பெண், தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, எவர் துணையும் இன்றித் தானே படித்து மகிழத்தக்க நாவல் ஒன்று 1879-ஆம் ஆண்டில்தான் தமிழில் பிறந்தது. அதன் பெயர் பிரதாப முதலியார் சரித்திரம். அதைத் தந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவர் நீதிபதி, கவிஞர், இசைப்பாடல் ஆசிரியர், பெண்கல்விக்குப் பரிந்து பேசிய பெருந்தகை, நம் திருச்சபையின் மக்களில் ஒருவர்.

இவ்வாண்டு ஜூலை மாதம் முழுவதையும் எங்கள் பள்ளி வாசகர் வட்டம் இப்பெரியார் ஒருவருக்கே ஒதுக்கியது. அவர் மறைந்த நாள் ஜூலை 21 என்பதால் அம்மாதம் பொருத்தமாக அமைந்தது. வட்டத்தில் நாங்கள் 14 பேர். நூலகத்திலோ முதல் நாவல் மூன்று படிகளும், அவருடைய இரண்டாம் நாவலாகிய சுகுண சுந்தரி ஒரே ஒரு படியும் இருந்தன. ஆகவே ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பது என்று முடிவாயிற்று.

பழவேற்காடு ஏரியில் வலை கட்டுவதற்குப் பாடு என்னும் முறை உண்டு என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். மீன் நிறையக் கிடைக்கும் இடம் இன்று ஒருவருக்கு, மறுநாள் மற்றொருவருக்கு என்று முறை வைத்து, பூசலின்றிப் பகிர்ந்துகொள்ள நம் முன்னோர் கண்ட நல்வழி அது. நாங்களும் அவ்வாறே பாடு போட்டுப் படித்தோம். மாலை மணி அடித்த பின் முக்கால் மணி நேரம் படிப்பு. அதன்பின் கூனங்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம், கோட்டைக்குப்பம் என்று அவரவர் ஊருக்குப் புறப்பட்டோம். அம்மாதத்தில் நாங்கள் அறிந்துகொண்ட ஆசிரியரின் வாழ்க்கையையும், அவ்வாழ்க்கை எங்களுக்குச் சொன்ன செய்தியையும் இங்கே தருகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

வேதநாயகம் பிள்ளை 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். இப்பெயர்களைக் கேட்டவுடனே எங்களுள் பலர் புன்னகை செய்தோம். எங்கள் பாட்டனார் பாட்டிமார் பெயர்களும் இவையே அல்லவா! போர்த்துக்கீசியர் காலத்தில், 1515-ஆம் ஆண்டில் தோன்றியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயம் எங்கள் பழவேற்காட்டில் உள்ளது. அவ்வாலயத்தின் ஞானஸ்நானத் தொட்டியில் சவரிமுத்துகளும் ஆரோக்கியங்களும் தலைமுறை தலைமுறையாகப் பெயர் பெற்று வந்திருக்கின்றார்கள்.

இளமையில் வேதநாயகருக்குத் தமிழும் ஆங்கிலமும் கற்பித்தவர் தியாகப் பிள்ளை என்பவர். அவர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். பகலில் நீதிமன்றத்தில் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பொருளைக் கொண்டு சேர்க்கும் மனிதரே ஆசிரியராக வாய்த்தது வேதநாயகரின் பேறு என்று எங்களுக்குத் தோன்றிற்று. பிற்காலத்தில் அவர் செய்த பெரும்பணிகளுள் பல இவ்வகையைச் சேர்ந்தவையே. எளியவர்க்கு எட்டாத இடத்தில் இருந்ததை எட்டும் இடத்துக்குக் கொண்டு வருவதே அவருக்கு வாழ்நாள் வேலையாயிற்று.

படிப்பு முடிந்தபின் அவர் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக அமர்ந்தார். கட்டுக்கட்டான பழைய வழக்கு ஏடுகளைக் காப்பதும், கேட்டபோது எடுத்துக் கொடுப்பதும் அவ்வேலை. பின்னர் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். மனிதர்கள் எதற்காகப் பொய் சொல்கின்றார்கள், எதற்காக அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை, கடன் பத்திரம் எப்படி ஒரு குடும்பத்தையே விழுங்குகின்றது என்பவற்றையெல்லாம் அந்த ஏடுகளிலிருந்து அவர் கற்றிருக்க வேண்டும். நாவலாசிரியர் ஒருவருக்கு அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் ஏது?

முன்சீப் வேதநாயகர்

1857-ஆம் ஆண்டில் அவர் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். நிலம், கடன், வீடு, பாகப்பிரிவினை முதலிய உரிமை வழக்குகளை முதற்படியில் விசாரித்துத் தீர்ப்பளிக்கும் நீதிபதிக்கு முன்சீப் என்று பெயர்.

தரங்கம்பாடி எங்கள் ஊருக்கு உறவுமுறை ஊர் என்றே சொல்லலாம். இங்கே டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டில் ஜெல்டிரியாக் கோட்டையைக் கட்டி முடித்தனர். அங்கே டேனியர் 1620-ஆம் ஆண்டில் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். இரண்டும் கடலோர வாணிக ஊர்கள். இரண்டிலும் கோட்டைக்கு அருகிலேயே மீனவர் குடியிருப்பு. இரண்டும் இறுதியில் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. டேனியர் 1845-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியை விலைக்கு விற்றுச் சென்று பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில் வேதநாயகர் அங்கே நீதி வழங்க வந்தார். அதன்பின் சீர்காழியிலும், இறுதியாக மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்தார். மாயூரத்தில் மட்டும் சுமார் 13 ஆண்டுகள் பணிபுரிந்தார். அதனாலேயே அவ்வூர்ப் பெயர் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்று நாம் மயிலாடுதுறை என்று அழைப்பது அம்மாயூரத்தையே.

நீதிமன்றத்தில் அவர் கண்ட குறை ஒன்று அவரை வருத்திற்று. வழக்குத் தொடுப்பவர் தமிழர், எதிர்வழக்காடுபவர் தமிழர், சாட்சி சொல்பவரும் தமிழர். ஆனால் எந்த முன்தீர்ப்புகளை வைத்து வழக்கு முடிவு செய்யப்படுகின்றதோ, அத்தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. தன் நிலம் ஏன் தன்னிடமிருந்து போயிற்று என்று ஓர் உழவர் அறிய விரும்பினால், அதைப் படித்துச் சொல்ல வேறொருவருக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. இதைக் கண்ட வேதநாயகர் அரிய செயல் ஒன்றைச் செய்தார். 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862-ஆம் ஆண்டில் சித்தாந்த சங்கிரகம் என்னும் நூலாக வெளியிட்டார். சென்னை உயர்நீதிமன்றம் தோன்றிய ஆண்டும் அதுவே. 57 ஆண்டுத் தீர்ப்புகளைத் தமிழில் சொல்லும் துணிவு அந்நாளில் வேறு எவருக்கு இருந்தது!

இச்செய்தியை எங்கள் தமிழாசிரியை அம்மா அவர்கள் விளக்கியபோது எங்களுக்கு அது பழங்கதையாகத் தோன்றவில்லை. காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

நீதியும் பாட்டும்

நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்லி ஓய்ந்தவர் இரவில் செய்யுள் இயற்றினார். 1859-ஆம் ஆண்டில் நீதிநூல் வெளிவந்தது. பெற்றோரைப் பேணல், பொய் கூறாமை, கைக்கூலி வாங்காமை முதலிய அறங்களை எளிய செய்யுளில் கூறும் நூல் அது. தேவமாதாவின் மீதும் பக்திப் பாடல்கள் இயற்றினார்.

கத்தோலிக்கராகிய அவருக்கு நண்பர்களாக வாய்த்தவர்கள் எத்தகையோர் என்று பாருங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய நெருங்கிய தோழர். சிறந்த சிவபக்தராகிய அவர் வேதநாயகரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்துக்கோவை என்னும் நூலையே பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரிடம் பேரன்பு பூண்டிருந்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் மாயூரத்தில் அவருடன் பழகினார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட இளைஞர் ஒருவரும் வேதநாயகரை அறிந்திருந்தார். அவ்விளைஞரே பின்னாளில் தமிழ்த் தாத்தா என்று போற்றப்பட்ட உ.வே. சாமிநாதையர். தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் வேதநாயகரைப் பற்றி அன்போடு எழுதியிருக்கின்றார்.

1878-ஆம் ஆண்டில் வேதநாயகர் வெளியிட்ட சர்வ சமய சமரசக் கீர்த்தனை இந்த நட்பின் கனி எனலாம். எச்சமயத்தாரும் தத்தம் இறைவனை நினைத்துப் பாடத்தக்க பாடல்கள் அதில் உள்ளன. அவற்றுள் சில இன்றும் இசையரங்குகளில் பாடப்படுகின்றன. கோயில், மசூதி, மாதா ஆலயம் ஆகிய மூன்றும் அருகருகே இருக்கும் பழவேற்காட்டில் வளரும் எங்களுக்கு இது புதிதல்ல. பனையோலைப் பெட்டி பின்னும் இஸ்லாமியத் தாய்மாரின் பெண்மக்கள் எங்கள் வட்டத்திலும் இருக்கின்றார்கள். அக்கீர்த்தனைகளின் கருத்தைக் கேட்டபோது அவர்களும் எங்களோடு சேர்ந்து தலையசைத்தார்கள்.

பஞ்ச காலத்தில்

வேதநாயகர் 1872-ஆம் ஆண்டில் பதவியிலிருந்து விலகினார். ஆயினும் ஊர்ப்பணியிலிருந்து விலகவில்லை. மாயூரம் நகரசபைத் தலைவராகவும் தொண்டாற்றினார்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என்று முதியோர் வாயில் வழங்குவது அதுவே. இலட்சக்கணக்கான மக்கள் பசியாலும் நோயாலும் மடிந்தனர். அந்நாட்களில் வேதநாயகர் தம் பொருளை எடுத்துக் கஞ்சி வார்த்தார், இல்லாதவர்க்கு ஈந்தார். அவருடைய ஈகையைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை ஒன்று பாடினார் என்பது வரலாறு.

பஞ்சம் முடிந்த மறு ஆண்டே பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது என்பதை நாங்கள் கரும்பலகையில் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் கவனித்தோம். அத்தனை துயரத்தைக் கண்ணாற் கண்ட மனிதர் எழுதிய கதையோ நகைச்சுவை நிரம்பியது. அழுதவர்க்கு வயிற்றுக்குக் கஞ்சியும் வேண்டும், மனத்துக்குச் சிரிப்பும் வேண்டும் என்று அவர் எண்ணினார் போலும்!

முதல் நாவல்

தமிழில் அதற்கு முன்னும் உரைநடை உண்டு. வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையைப் படித்துச் சிரிக்காதவர் யார்? ஆனால் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையைத் தொடக்கம் முதல் முடிவு வரை நாற்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்களில் தொடர்ந்து சொல்லும் உரைநடை நூல் புதிது. அக்காலத்தில் இந்திய மொழிகள் பலவற்றிலும் நாவல் பிறந்துகொண்டிருந்தது. வங்காளத்தில் பங்கிம் சந்திரர் 1865-ஆம் ஆண்டில் துர்க்கேச நந்தினியைத் தந்தார். தெலுங்கில் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு 1878-ஆம் ஆண்டில் இராஜசேகர சரித்திரத்தைத் தந்தார். ஏரியின் வடகரை ஆந்திரத்தில் இருப்பதால் எங்கள் வகுப்பில் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. தங்கள் மொழிதான் ஓராண்டு மூத்தது என்று அவர்கள் அன்று பெருமை கொண்டாடினார்கள்!

கதையைப் பிரதாப முதலியாரே தம் வாயால் சொல்வதாக ஆசிரியர் அமைத்திருக்கின்றார். அவர் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. பேரனை அடிக்கக் கூடாது என்று பாட்டி கட்டளையிட்டுவிடுகின்றாள். ஆகவே பிரதாபன் பாடம் ஒப்பிக்காத போதெல்லாம் உபாத்தியாயரின் மகனாகிய கனகசபைக்கு அடி விழுகின்றது. முதல் நாள் இப்பகுதியைப் படித்தபோது வகுப்பே சிரிப்பால் அதிர்ந்தது. மறுநாள் அதே பகுதியைப் பற்றிப் பேசியபோது எவரும் சிரிக்கவில்லை. ஒருவர் பிழைக்கு எளியவர் ஒருவர் அடிபடுவது கதையில் மட்டுமா நடக்கின்றது என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். சிரிக்க வைத்துப் பின் சிந்திக்க வைப்பதே இவ்வாசிரியரின் வழி என்று கண்டுகொண்டோம்.

கதையின் உண்மைத் தலைவர் பிரதாபன் அல்லன், ஞானாம்பாளே என்பது எங்கள் ஒருமித்த முடிவு. அவள் படித்தவள், கூர்மதி உடையவள். இருவருக்கும் திருமணம் பேசும்போது மணமக்கள் எவர் வீட்டில் வாழ்வது என்று தந்தையர் இருவரும் வீம்பு பிடித்துத் திருமணத்தையே தடுத்துவிடுகின்றனர். பல இடர்களுக்குப் பின் அவர்கள் மணந்து, பின்னும் பிரிந்து, பிரதாபன் விக்கிரமபுரி என்னும் ஊரில் அகப்பட்டுத் துன்புறுகின்றான். ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு அவனைத் தேடிச் செல்கின்றாள். அரசன் இல்லாத அந்நாட்டில் பட்டத்து யானை அவள் கழுத்தில் மாலை சூட்டுகின்றது. ஞானாம்பாள் அரியணை ஏறி நீதி தவறாமல் ஆள்கின்றாள். யானை மாலை சூட்டுவது பாட்டிக் கதை. ஆனால் அந்த மாலையை ஒரு பெண்ணின் கழுத்தில், அதுவும் படித்த பெண்ணின் கழுத்தில் விழச் செய்தது வேதநாயகரின் புதுமை.

நாவலின் பிற்பகுதியில் தமிழ் அறியாத வழக்கறிஞர்களையும், தமிழர் மட்டுமே கூடியிருக்கும் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதம் புரிவோரையும் ஆசிரியர் நன்றாக எள்ளி நகையாடுகின்றார். முன்சீப் மேடையில் இருந்தபோது கண்டவற்றை எழுத்தாளர் கதையில் கொட்டித் தீர்த்துவிட்டார்.

நாவலில் குறை இல்லாமல் இல்லை. ஒரு நிகழ்ச்சியைச் சொல்லத் தொடங்கினால் அதன் நடுவே கிளைக்கதைகள் பல முளைக்கின்றன. பாத்திரங்கள் அவ்வப்போது பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடுகின்றனர். வடசொற்கள் மிகுந்த நடை முதல் வாரம் எங்களைத் தடுமாற வைத்தது. இரண்டாம் வாரத்தில் நடை பழகிவிட்டது. ஏரித் தண்ணீரில் முதலில் கால் வைக்கும்போது சேறு வழுக்கும். நாலடி நடந்தால் கால் தானே நிலைகொள்ளும். அதுபோலத்தான் பழைய உரைநடையும்.

பெண்ணும் கல்வியும்

ஞானாம்பாளைப் படைத்ததற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1869-ஆம் ஆண்டில், வேதநாயகர் பெண்மதிமாலை என்னும் நூலை வெளியிட்டார். பெண்கல்வி குறித்து உரைநடையிலும் எழுதினார். புனேயில் சாவித்திரிபாய் பூலேயும் அவருடைய கணவரும் 1848-ஆம் ஆண்டில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியபோது தெருவில் ஏச்சுக்கும் கல்லுக்கும் ஆளானார்கள் என்று படித்திருக்கின்றோம். அக்காலத்தில் பெண் படித்தால் குடும்பம் கெடும் என்று கருதியவர்களே பலர். அவர்களுக்கு நடுவே, நீதிபதி என்னும் மதிப்புடைய ஒருவர் பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்று எழுதியது எளிய செயல் அன்று.

மூன்றாம் வாரத்தில் இதுபற்றி எங்களுக்குள் வாதம் எழுந்தது. பெண் படித்தால் நல்ல மனைவியாகவும் நல்ல தாயாகவும் விளங்குவாள் என்பதே வேதநாயகரின் முதன்மைக் காரணமாக இருக்கின்றது. நாடாண்ட ஞானாம்பாளும் இறுதியில் அரியணையை விட்டு இல்லறத்துக்கே திரும்புகின்றாள். பெண் தனக்காகவே படிக்கக் கூடாதா என்று ஒரு சாரார் கேட்டோம். அவர் எந்தக் காலத்தில், எந்தத் தந்தையரின் மனத்தை மாற்ற எழுதினார் என்பதையும் எண்ண வேண்டும் என்று மறு சாரார் கூறினோம். எங்கள் நூலகப் பொறுப்பாளர் சகோதரி அவர்கள் எவர் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர் கதவைத் திறந்தார், உள்ளே எவ்வளவு தூரம் நடப்பது என்பது திறந்த கதவில் நுழைந்தவர்களின் பொறுப்பு என்பதே நாங்கள் இறுதியில் கண்ட சமரசம்.

அவருடைய இரண்டாம் நாவலாகிய சுகுண சுந்தரி 1887-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அரசகுமாரி ஒருத்தியின் கதை அது. குழந்தை மணத்தின் கேடுகளை அதில் ஆசிரியர் எடுத்துக் காட்டுகின்றார். பெண்ணின் திருமண வயதை 14 என வரையறுத்த சாரதா சட்டம் 1929-ஆம் ஆண்டில்தான் வந்தது. அவ்வயது 18 என உயர்ந்தது 1978-ஆம் ஆண்டில். சட்டம் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நாவல் அவ்வேலையைத் தொடங்கிவிட்டது.

இந்நாவலை நாங்கள் படித்துக்கொண்டிருந்த வாரத்தில் எங்களுள் ஒருத்தியின் இடம் காலியாக இருந்தது. அவள் தாயார் விடியுமுன் எழுந்து ஏலத்துக்குச் சென்று மீன் எடுத்துக் கூடையில் சுமந்து விற்பவர். ஏரி முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் ஏரிக்குள் மீனும் இறாலும் வருவது குறையும், வருவாயும் குறையும். அத்தகைய நாட்களில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்துவது எங்கள் ஊர்களில் புதிதல்ல. அதைத் தொடர்ந்து வருவது பெண் பார்க்கும் பேச்சு. எவரையும் குறை கூற நாங்கள் இதை எழுதவில்லை. வறுமை செய்யும் வேலை அது. இரண்டு பேர் அவள் வீட்டுக்குச் சென்று நூலகத்தின் ஒரே படியைக் கொடுத்து வந்தோம். அவள் அதை இரவில் தாய்க்கும் பாட்டிக்கும் உரக்கப் படித்தாள். தலைமையாசிரியை சகோதரி அவர்களும் பங்குத் தந்தை அவர்களும் சென்று பேசினார்கள். ஆகஸ்டு மாதம் அவள் பள்ளிக்குத் திரும்பினாள். அடுத்த ஆண்டும் வருவாளா என்பது உறுதியில்லை. வர வேண்டும் என்பதே எங்கள் அன்றாட மன்றாட்டு.

மறைவும் புகழும்

வேதநாயகம் பிள்ளை 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் தம் 62-ஆம் வயதில் இறைவன் திருவடி அடைந்தார். அவர் போட்ட பாதையில் இராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரமும், மாதவையாவின் பத்மாவதி சரித்திரமும் அந்நூற்றாண்டு முடிவதற்குள் வந்தன. அதன்பின் தமிழ் நாவல் பெருக்கெடுத்தது. நடையிலும் கதைப்பின்னலிலும் பின்வந்தவர்கள் அவரை மிஞ்சியிருக்கலாம். ஆனால் முதலில் வலை வீசியவர் அவரே.

சித்தாந்த சங்கிரகத்தைப் பற்றிக் கேட்டபோது அது எங்களுக்குப் பழங்கதையாகத் தோன்றவில்லை என்று முன்னே சொன்னோம். அதன் காரணம் இதுவே. அப்பாடம் நடந்த வாரத்தில் எங்களுள் ஒருத்தி ஒரு தாளைக் கொண்டுவந்தாள். கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்று அவள் தாயாரிடம் கையொப்பம் வாங்கிய தாள் அது. எட்டுப் பக்கங்கள்; அத்தனையும் ஆங்கிலம். அதில் என்ன எழுதியிருக்கின்றது என்பது ஒப்பமிட்ட தாய்க்கும் தெரியாது. அவரோடு சேர்ந்து ஒப்பமிட்ட குழுப் பெண்களுக்கும் தெரியாது. எங்கள் ஆங்கில ஆசிரியை அவர்களின் துணையோடு இரண்டு மாலைகள் உட்கார்ந்து அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தோம். வட்டி எவ்வளவு, தவணை தவறினால் என்ன, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் பொறுப்பு எவ்வளவு என்று அத்தாய்மார் முதன்முறையாகத் தெரிந்துகொண்டனர். கடன் குறையவில்லை, ஆனால் கண் திறந்தது. அடுத்த வாரம் மேலும் மூன்று தாய்மார் தத்தம் தாள்களோடு பள்ளி வாயிலில் நின்றார்கள்.

வேதநாயகர் தீர்ப்புகளைத் தமிழாக்கியதும், நாவல் எழுதியதும் இரு வேறு பணிகள் என்று ஜூலை முதல் தேதியில் நாங்கள் நினைத்திருந்தோம். மாத முடிவில் அவை இரண்டும் ஒன்றே என்று தெளிந்தோம். தன்னைப் பற்றிய தீர்ப்பைத் தானே படிக்க முடியாதவன் அடிமை. தன் வாழ்வைப் போன்ற ஒரு வாழ்வைக் கதையில் தானே படித்து, தானே சிரித்து, தானே சிந்திக்க முடியாதவளும் அடிமையே. இருவருக்கும் விடுதலை தரும் கருவி, புரியும் மொழியில் எழுதிய நூல். அக்கருவியைச் செய்து தந்தவர் அந்த முன்சீப்.

இன்று தமிழ்நாட்டுக் கீழ்நீதிமன்றங்களில் தமிழில் தீர்ப்பு எழுதப்படுகின்றது. உயர்நீதிமன்றத்தின் மொழி இன்றும் ஆங்கிலமே. அவர் தொடங்கிய வேலை பாதி நிறைவேறியது. மீதிப் பாதி இன்னும் கரை சேரவில்லை. எங்கள் வகுப்பிலிருந்து நாளை வழக்கறிஞராகவும், மொழிபெயர்ப்பாளராகவும், நீதிபதியாகவும் செல்பவர்கள் அதை இழுத்துக் கரை சேர்ப்பார்களாக!

அன்புப் பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் கையில் கதைப்புத்தகத்தைக் கண்டால், பாடத்தை விட்டுவிட்டு வீண்பொழுது போக்குகின்றாள் என்று எண்ணாதீர்கள். அருகில் அமர்ந்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வலை பின்னும் கையும் ஓலை முடையும் கையும் நிற்க வேண்டியதில்லை. காது கேட்டால் போதும். தங்கையரே, நூலகத்தில் பிரதாப முதலியார் சரித்திரம் இப்போது ஐந்து படிகள் இருக்கின்றன. முன்னாள் மாணவியர் இருவர் இரண்டு படிகள் வாங்கித் தந்திருக்கின்றனர். அடுத்த ஜூலையில் வேறோர் ஆசிரியரை எடுத்துக்கொள்ளவிருக்கின்றோம். பாடு போடுவதற்கு உங்கள் பெயரையும் கொடுங்கள். யார் முறை வந்தாலும் வலை நிறைய மீன் உண்டு.